குழந்தைகளுக்கான 'எடை மரபணு' கிட்: 2 ஸ்டார்

பையன் குண்டு, எங்கள் பக்கம் எல்லாருமே அப்படித்தான் என்பதால் ஆன்லைனில் வாங்கியது. பஞ்சுக்குச்சியைக் கன்னத்துக்குள் தேய்த்து அனுப்புவது சுலபம்தான், ஆனால் ரிப்போர்ட் சொதப்பல். எடையோடு தொடர்புள்ள எஃப்டிஓ (FTO) மரபணுவில் 'அதிக ஆபத்து' என்று சிவப்பில் ஒரு பக்கம், மிச்சமெல்லாம் புரோட்டீன் பவுடர் விளம்பரம். 2007-இலேயே வெளிவந்த விஷயம் இது. எடையைக் கூட்டும் அந்த மரபணு மாற்றம், அப்பா அம்மாவிடமிருந்து வந்த இரண்டு பிரதியிலும் இருக்கிற பெரியவர்களுக்கே சராசரியாக 3 கிலோதான் கூடுகிறது. குண்டாக இருந்தால் பாதிக்கப்படக்கூடிய ரத்தக்குழாய் பற்றி ரிப்போர்ட்டில் ஒரு வரிகூட இல்லை. அப்புறம் குழந்தை மருத்துவர்தான் கைக்குச் சரியான அளவுப் பட்டை கட்டி பிபி பார்த்தார் (சின்னப் பட்டை என்றால் கூடுதலாகக் காட்டும்), கொழுப்புக்கும் சர்க்கரைக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். கழுத்துத் தமனிச் சுவரின் தடிமனை ஸ்கேனில் அளப்பதெல்லாம் பெரும்பாலும் ஆராய்ச்சிக்குத்தானாம். ஐந்து வயதுக்குள்ளேயே அடங்காப் பசியோடு எடை ஏறினால் எம்சி4ஆர் (MC4R, பசியைக் கட்டுப்படுத்தும் மரபணு) மாதிரி ஒரே மரபணுவில் வரும் கோளாறைத் தேடலாம், அதற்கும் இந்த கிட் உதவாது. அந்த 2 ஸ்டாரும் டெலிவரிக்கு.