டீசல் வடிகட்டியா, பெற்றோல் கன்வெர்ட்டரா: யாழ்ப்பாண ஓட்டத்துக்கு எது?

போன வருடம் பாவித்த வண்டி தேடியபோது கடைசியில் இரண்டு மிஞ்சின: புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி பூட்டிய டீசல் ஜீப், புகையின் நச்சு வாயுக்களை மாற்றும் மூவழிக் கன்வெர்ட்டர் உள்ள பெற்றோல் கார். காரையே எடுத்தேன். இழுவையிலும் எரிபொருள் சிக்கனத்திலும் டீசல்தான் மேல், அதில் வாதமில்லை. புகையைச் சுத்தமாக்கும் பாகத்தைப் பராமரிக்க என்னால் முடியுமா என்பதே எனக்குப் பெரிய கேள்வியாக இருந்தது.

டீசல் வடிகட்டி கரியைப் பிடித்துச் சேர்த்து வைக்கும். அது எரிந்துபோக ஏறக்குறைய 600 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். அதற்குப் பெருவீதியில் நிற்காமல் 15, 20 நிமிடமாவது ஓட வேண்டும். என் ஓட்டமோ கொக்குவிலில் இருந்து திருநெல்வேலிச் சந்தை, பள்ளிக்கூடம், பின்னேரம் நல்லூர். சந்திக்குச் சந்தி பிரேக். எரிப்பு பாதியில் நின்றால் கரி ஏறிக்கொண்டே போகும். சில எஞ்சின்களில் அதற்காகக் கூடுதலாகத் தெளிக்கும் டீசல் ஒயிலோடு கலந்து அதையும் கெடுக்கும்.

அத்தானின் டீசல் வண்டியில் இதைக் கண்ணால் பார்த்தேன். எச்சரிக்கை விளக்கு வந்தால் ஆனையிறவு வரை போய்த் திரும்புவார், அணைந்துவிடும். ஒரு மாரிக்குப் போகாமல் விட்டார், அடைத்துவிட்டது. “அண்ணை, உள்ளுக்கிருக்கிறதை வெட்டி எடுத்திட்டுக் குழாயை ஒட்டிவிடுவம்” என்றார் கராஜ்காரர். வண்டி ஓடும்தான். ஆனால் அந்தக் கரி, பின்னால் சைக்கிளில் வரும் பிள்ளையின் நெஞ்சுக்குள் போகும். அத்தான் மறுத்து, காசைச் செலவழித்துக் கழற்றிக் கழுவுவித்தார்.

பெற்றோல் கன்வெர்ட்டர் எதையும் சேர்த்து வைப்பதில்லை. பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூசிய, தேன்கூடு போன்ற உட்பாகத்தின் ஊடாகப் புகை போகும்போதே காபனோரொட்சைட்டு, எரியாத எரிபொருள், நைதரசன் ஒட்சைட்டுகள் மூன்றும் தீங்கு குறைந்த வாயுக்களாக மாறிவிடும். 250, 300 பாகை வந்தால் வேலை தொடங்கும். அதுவரை வரும் புகை அழுக்குத்தான். ஒட்சிசன் சென்சர் காற்றையும் பெற்றோலையும் 14.7க்கு 1 என்ற அளவை ஒட்டி வைத்திருக்கும். டீசல் புகையில் ஒட்சிசன் மிகுதி என்பதால் இந்த முறையால் அங்கே நைதரசன் ஒட்சைட்டைக் குறைக்க முடியாது. கன்வெர்ட்டரைக் கெடுக்கும் ஈயப் பெற்றோலும் இலங்கையில் 2002இலேயே நின்றுவிட்டது. எஞ்சின் இடறினால் மட்டும் தாமதிக்கக் கூடாது: எரியாத பெற்றோல் உள்ளே போய் எரிந்து தேன்கூட்டையே உருக்கிவிடும். அதனால் பிளக்கை நேரத்துக்கு மாற்றுகிறேன், வேறு செலவு இதுவரை இல்லை. ஒரு வருட அனுபவம்தான்; நீண்டகாலம் ஓடிய கன்வெர்ட்டரை நான் பாவித்ததில்லை.

கிழமைக்கொரு முறை கொழும்பு போய் வருபவர் என்றால் டீசலையே எடுங்கள். அந்த ஓட்டத்தில் வடிகட்டி தன்பாட்டில் எரித்துச் சுத்தமாகிக்கொள்ளும்.