செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போறீங்களா? முதலில் சீட்டுக்கு அடியில் பாருங்க

சென்னையில் பழைய காரைக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் வசதியான செகண்ட் ஹேண்ட் வண்டி எடுக்கலாம் என்று நினைப்பவர்கள், டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு விற்கப்பட்டது 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் மூழ்கி, இன்சூரன்ஸ் கம்பெனி டோட்டல் லாஸ் (பழுது பார்ப்பது கட்டுப்படியாகாது) என்று கணக்கை முடித்த வண்டி. கொடுத்த விலை 6 லட்சத்து 90 ஆயிரம். புகார் நடப்பில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. வண்டியின் பெயரையும் சொல்லப் போவதில்லை. அது நல்ல வண்டிதான், தண்ணீரில் நின்றது அதன் குற்றமில்லை.

எங்களிடம் இருந்தது 2008 சான்ட்ரோ. இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி நங்கநல்லூரிலேயே ஓடித் தேய்ந்தது. 15 வருஷம் முடிந்து, எஃப்.சி. காட்டி, ஆர்.சி.யை 2028 வரை புதுப்பித்தும் ஆயிற்று. ஆனால் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனபிறகு அதில் கூட்டிப்போவது கஷ்டமாகிவிட்டது. ஏறி இறங்க உயரம் சரிதான், பின்சீட்டில் காலை நீட்ட இடமில்லை. மே மாதத்தில் ஏ.சி. பெயருக்குத்தான் ஓடும். பல்லாவரம் சிக்னலில் கிளட்சை மிதித்து மிதித்து என் இடது காலும் புகார் சொல்ல ஆரம்பித்திருந்தது.

அதனால் எனக்கு வேண்டியது என்ன என்பதில் குழப்பமே இல்லை. சீட் இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும், அம்மா குனியாமல் உட்கார்ந்து அப்படியே திரும்பிக்கொள்ளும்படி. பின்னால் ஏ.சி. வென்ட். கியர் இல்லாத வண்டி, அதிலும் ஏ.எம்.டி. (சாதாரண கியர்பாக்ஸிலேயே கிளட்சையும் கியரையும் இயந்திரம் மாற்றும் வகை) வேண்டாம், ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் அது ஒவ்வொரு கியருக்கும் தலையாட்ட வைக்கும். மழையில் எங்கள் தெரு தாங்கும் அளவுக்குத் தரையிலிருந்து உயரம். சன்ரூஃப் எல்லாம் கேட்கவே இல்லை. நம் ஊர் வெயிலுக்குக் கூரையைத் திறந்துவைத்து யார் உட்காரப் போகிறார்கள்?

இந்தப் பட்டியலைக் கேட்டவுடன் கடைக்காரர் காட்டியது 2021 மாடல், சிங்கிள் ஓனர், ஆட்டோமேட்டிக், டாப் எண்ட். கிலோமீட்டர் குறைவு. அதே மாடல், அதே வருஷ வண்டிகளுக்கு மற்ற இடங்களில் எட்டு லட்சத்துக்குக் குறையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஏன் இங்கே குறைவு என்று கேட்டேன். "ஓனர் வெளிநாட்டுல செட்டில் ஆயிட்டார் மேடம், சீக்கிரம் முடிச்சுக்கொடுங்கன்னு சொல்லியிருக்கார்" என்றார். (காசு கொடுப்பது நான், ஓட்டப்போவது நான். எஞ்சின் பற்றிய பேச்சு மட்டும் கூட வந்த என் தம்பியிடம்தான் நடந்தது. அவனுக்கு ஸ்கூட்டரைத் தவிர எதுவும் தெரியாது.)

வண்டியில் உட்கார்ந்து பார்த்தோம். சீட் கவர் புத்தம் புதுசு, உள்ளே நல்ல வாசனை, ஏ.சி. சில்லென்று. அம்மாவும் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு "இது போதும்மா" என்றார். ஓட்டியும் பார்த்தேன், குறையே இல்லை. 'செக் பண்ணிய வண்டி' என்று ஒரு சான்றிதழும் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. எங்கள் மெக்கானிக்கை அழைத்துவந்து ராம்ப்பில் ஏற்றிப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, டோக்கன் போட்ட பிறகுதான் வண்டியை வெளியே விடுவோம், அது கடை ரூல் என்றார்கள். டோக்கன் 25 ஆயிரம், திருப்பித் தரமாட்டார்கள். சாயந்திரம் வேறு பார்ட்டி வருகிறது என்ற வசனமும் தவறாமல் வந்தது.

இவர்கள் வேலை செய்யும் விதம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. வசதியைத் தேடி வருகிறவர் எதையெல்லாம் தொட்டுப் பார்ப்பார், எதை முகர்ந்து பார்ப்பார் என்று அவர்களுக்குத் தெரியும். சீட், மேட், ஏ.சி., ஸ்டீரியோ, பாலிஷ். அத்தனையையும் மாற்றிவிடுவார்கள். தொடாத இடங்களில் கை வைப்பதில்லை, அங்கே செலவு அதிகம்.

சில வாரம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு பின்பக்கக் கண்ணாடி தானாக இறங்கியது. சென்ட்ரல் லாக் நடு ராத்திரியில் தானாகப் பூட்டித் திறந்தது. வாசனைப் பாட்டில் தீர்ந்தவுடன் வண்டிக்குள் ஈரச்சாக்கு நாற்றம். எங்கள் ஏரியா மெக்கானிக் அண்ணனிடம் விட்டேன். அவர் ஓட்டிப் பார்க்கவே இல்லை. டிரைவர் சீட்டைத் தள்ளி அடியில் டார்ச் அடித்தார். சீட் தண்டவாளமும் ஸ்பிரிங்கும் துரு. சீட்டைத் தரையோடு பிடிக்கும் போல்ட்டுகளின் தலையில் ஸ்பேனர் போட்ட தழும்பு. "ஃபேக்டரியில மாட்டின சீட்டை யாரும்மா கழட்டினது?" என்றார். கார்ப்பெட்டைத் தூக்கினால் அடியில் இருக்கும் பஞ்சில் காய்ந்த வண்டல், விரலில் எடுத்தால் மாவாக உதிர்ந்தது. வாசற்படி ஓரமாகப் போகும் வயரிங்கில் கனெக்டர்கள் பச்சைப் பூத்திருந்தன.

மழைநீர் வண்டிக்குள் புகுந்தால் உடனே எல்லாம் கெட்டுப்போவதில்லை. எஞ்சினைப் பிரித்துக் கழுவி, ஆயில் மாற்றினால் ஓடும். வயரிங்கும் கண்ட்ரோல் யூனிட்டுகளும்தான் மெதுவாகச் சாகும். செம்பு இணைப்புகளுக்குள் போன அழுக்குத் தண்ணீர் மாதக் கணக்கில் அரித்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் கண்ணாடி, இன்னொருநாள் சென்சார். கடை கொடுத்த ஆறு மாத வாரண்டியை எடுத்துப் படித்தேன்: எஞ்சின், கியர்பாக்ஸ் மட்டும். எலெக்ட்ரிக்கல் சாமான்கள் சேராது. யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட என்னை உறைய வைத்தது ஏர்பேக். பல வண்டிகளில் ஏர்பேக் கண்ட்ரோல் யூனிட் நடுவில், ஹேண்ட்பிரேக் பக்கத்தில் தரையை ஒட்டித்தான் இருக்கும். கணுக்கால் அளவு தண்ணீர் உள்ளே நின்றாலே அது போய்விடும். அது போனால் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு அணையாமல் எரியும். என் வண்டியில் எரியவில்லை, காரணம் அந்த விளக்கின் வயரைக் கழற்றி வேறு விளக்கோடு சேர்த்துவிட்டிருந்தார்கள். அம்மாவை உட்காரவைத்துக்கொண்டு இத்தனை நாள் ஏர்பேக் இல்லாத வண்டியில் ஜி.எஸ்.டி. ரோட்டில் போய்வந்திருக்கிறேன்.

இதை நீங்களே சோதிக்கலாம். சாவியை ஆன் செய்யுங்கள், ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் தானாக அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் வயரைப் பிடுங்கியிருக்கிறார்கள். எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போதுதான் அணைகிறது என்றால் ஆயில் விளக்கோடோ பேட்டரி விளக்கோடோ சேர்த்திருக்கிறார்கள். அதோடு சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், நான்கு சீட்டிலும். சுருளுக்குள் இருக்கும் பகுதியை யாரும் துவைப்பதில்லை, சேற்றுக் கோடு அங்கே அப்படியே இருக்கும். ஸ்டெப்னியைத் தூக்கி அந்தக் குழியையும் ஜாக்கியையும் பாருங்கள். உள்ளே இருக்கும் கார்ப்பெட்டின் நிறமும் டிக்கி கார்ப்பெட்டின் நிறமும் ஒத்துப்போகிறதா? நாலு வருஷ வண்டியில் ஒன்று மட்டும் புதுசாக இருந்தால் காரணம் கேளுங்கள். வாசனை விஷயத்தில், நீங்கள் வருவதற்கு முன்பே ஏ.சி. போட்டு வைக்க விடாதீர்கள், கேட்காமலே அவர்கள் வைப்பார்கள். கண்ணாடியை ஏற்றி, வண்டியை வெயிலில் அரைமணி நேரம் நிறுத்தச் சொல்லி, அப்புறம் கதவைத் திறந்து மூக்கை உள்ளே விடுங்கள்.

கடையில் போய்க் கேட்டபோது "ஏ.சி. டிரெயின் பைப் அடைச்சு தண்ணி இறங்கியிருக்கும் மேடம்" என்றார்கள். அப்படி நடப்பது உண்டுதான், முன்சீட்டில் கால் வைக்கும் இடம் ஈரமாகும். ஆனால் ஏ.சி. தண்ணீர் வண்டல் மண்ணைக் கொண்டுவராது. ஸ்டெப்னிக் குழிவரை போகவும் போகாது.

நிஜமான சாட்சி பேப்பரில் இருந்தது. வண்டியோடு கொடுத்த இன்சூரன்ஸ் பாலிசி 2024 நடுவில் எடுத்தது, அதில் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காத வருஷங்களுக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) சைபர். கிளெய்மே இல்லாமல் ஓடின வண்டியென்றால் வருஷா வருஷம் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறியிருக்க வேண்டும். கேட்டதற்கு, ஓனர் வெளிநாட்டில் இருந்ததால் பாலிசி லேப்ஸ் ஆகிவிட்டது என்றார்கள். 90 நாளுக்கு மேல் விட்டால் போனஸ் போய்விடும் என்பது உண்மை, அதனால்தான் இந்தப் பொய் எடுபடுகிறது. நீங்கள் கேட்க வேண்டியது அதற்கு முந்தைய பாலிசி. அதைக் காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். சர்வீஸ் ரெக்கார்டிலும் இப்படித்தான்: எனக்குக் காட்டிய காகிதங்கள் 2023 செப்டம்பரோடு நின்றிருந்தன.

ஆர்.சி. என் பெயருக்கு மாறியபிறகு கம்பெனி சர்வீஸ் சென்டரில் போய் முழு ஹிஸ்டரி கேட்டேன். கடைசிப் பதிவு 2023 டிசம்பர். இழுத்துவரப்பட்டது, எஸ்டிமேட் போடப்பட்டது, வேலை செய்யவில்லை. பழுது பார்க்கும் செலவு வண்டியின் இன்சூரன்ஸ் மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் பணத்தைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள். சேதமான வண்டி ஏலத்துக்குப் போகும். எடுப்பவர் காயலான் கடைக்குப் போடவேண்டும் என்ற கட்டாயம் நடைமுறையில் இல்லை, ஆர்.சி. உயிரோடு இருக்கிறதே. புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் சாமான்களைப் போட்டு, பளபளவென்று ஆக்கி, நம்மிடம் விற்கிறார்கள். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் வரிசையாகக் கார்களை ஏற்றி நிறுத்தியதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. முந்தைய வருஷம் இழந்தவர்களின் வண்டிகள் எங்கே போயின என்று எனக்கு இப்போது தெரியும்.

சான்ட்ரோ விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்சேஞ்சில் 80 ஆயிரம் போட்டார்கள், தாராளம் போலத் தெரிந்தது. வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் போய் நின்றபோது சான்ட்ரோ விற்றாகிவிட்டது, கடைக்காரர் ஆர்.சி.யை மட்டும் மாற்றவில்லை. யாரோ கோயம்பேட்டில் சிக்னலைத் தாண்டியதற்கு அபராதச் செய்தி என் போனுக்கு வந்தது. பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களை நிரப்பாமல் வெறுமனே கையெழுத்து வாங்கிவைத்துக்கொண்டால் இதுதான் நடக்கும். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, பழைய வண்டி வியாபாரி போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும், அது படிவம் 29பி. வண்டியை ஒப்படைக்கும்போது படிவம் 29சி இணையத்தில் பதிவானால் அந்த நாளிலிருந்து பொறுப்பு அவருடையது. சாவியைக் கொடுப்பதற்கு முன் இரண்டையும் கேளுங்கள். 29பி இல்லாத கடையில் எக்ஸ்சேஞ்ச் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, இப்போது வாங்குகிறவர்களுக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்கு உட்பட்ட சிறிய பெட்ரோல் கார்களுக்கு, எஞ்சின் 1200 சி.சி.க்குள் இருந்தால், ஜி.எஸ்.டி. வரி 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. புதிய வண்டியின் விலையே இறங்கியிருக்கும்போது, பழைய வண்டிக்கு அதற்கு முந்தைய விலையைச் சொல்கிறவர்களிடம் பேரம் பேசவாவது செய்யுங்கள். டாப் எண்ட் பழைய வண்டியைவிட, உயரமான சீட் உள்ள சாதாரணப் புதிய வண்டி அம்மாக்களுக்கு எவ்வளவோ மேல் என்பது என் இப்போதைய கட்சி.

கடைக்காரர் இரண்டு லட்சம் குறைத்துக்கொண்டு வண்டியை எடுத்துக்கொள்கிறேன் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தேன், அதற்குக் கடையிலிருந்து பதிலே இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை விலையுள்ள விஷயத்துக்குக் கட்டணம் 200 ரூபாய்தான், வக்கீல் கட்டாயமில்லை, நாம் குடியிருக்கும் இடத்தின் ஆணையத்திலேயே கொடுக்கலாம். இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். டெலிவரி நோட்டில் பொடி எழுத்தில் 'உள்ளது உள்ளபடி' என்று என் கையெழுத்து இருக்கிறது என்பதுதான் அவர்கள் தரப்பு வாதம்.

என் தரப்பில் மெக்கானிக் எடுத்த படங்கள், சர்வீஸ் சென்டர் பதிவு, அழிக்காமல் வைத்திருந்த விளம்பரம் எல்லாம் இருக்கின்றன. டோக்கன் போட்ட அன்றைக்கு வாட்ஸ்அப்பில் நான் "மழையில் நின்ற வண்டியா?" என்று கேட்டதற்கு அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜும் இருக்கிறது. "தண்ணியே பார்க்காத வண்டி மேடம், வேணும்னா எழுதியே தரேன்." எழுதித் தரவில்லை. குரல் மட்டும் தெளிவாக இருக்கிறது.