நம்ம ஆள் சிபாரிசா, வெளியாள் அறிமுகமா?

சிறுபான்மை இனத்தவர் ஒருவர் வேலை தேடினால் மூன்று வழிகள் உண்டு: சொந்த இனத்துக்காரரின் சிபாரிசு, அந்த வட்டத்துக்கு வெளியே உள்ள அறிமுகம், யாரையும் பிடிக்காமல் நேரே விண்ணப்பம்.

கடைசியதை முதலில் முடித்துவிடலாம். பொருளாதார ஆய்வாளர்களான மரியான் பெர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் போலி பயோடேட்டாக்களை அனுப்பிப் பார்த்தார்கள். 2004-ல் முடிவு வெளியானது. தகுதி ஒன்றுதான், பெயர் மட்டும் வேறு. எமிலி, கிரெக் போன்ற வெள்ளையர் பெயர்களுக்குப் பத்து விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. லக்கீஷா, ஜமால் போன்ற கறுப்பினப் பெயர்களுக்குப் பதினைந்துக்கு ஒன்று. பெயரைப் பார்த்தே ஒதுக்கினால், ஆள் பிடிக்காமல் என்னதான் செய்வது?

நம்ம ஆளிடம் வேகம் உண்டு. ராத்திரி போன் போட்டால், "காலையில ஆறு மணிக்கு வந்துடு, அடையாள அட்டையை மறக்காதே" என்று சொல்லிவிடுவார். மொழி தடுமாறினாலும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வார். இதை லேசாக எடைபோட வேண்டாம். அமெரிக்கா போன மெக்சிகோக்காரர்களைப் பற்றிய கைவன் முன்ஷியின் 2003 ஆய்வில், ஊர்க்காரர் கூட்டம் பெரிதாக இருந்தால் வேலை கிடைக்கும் வாய்ப்பும் கூடியது, விவசாயத்தை விடச் சம்பளம் கூடிய வேலையும் அமைந்தது.

சிக்கல் வேலையில் சேர்ந்த பிறகுதான். ஓட்டல் சமையலறையில் இருப்பவருக்குச் சமையலறைக் காலியிடம்தான் தெரியும். ஓவர்டைம் காசு வரவில்லை என்று கேட்கப் போனால், "என் முகத்துக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கோ" என்பார். நல்ல இடம் கிடைத்தாலும் சட்டென்று விட்டுவிட முடியாது, அவர் பெயர் கெடும். அந்தப் பயம் அவருக்கும் உண்டு. ஏழைக் கறுப்பினத்தவரிடையே சாண்ட்ரா சூசன் ஸ்மித் செய்த ஆய்வில், காலியிடம் தெரிந்தும் பலர் சிபாரிசு செய்யத் தயங்கினார்கள்.

வெளியாள் இப்படிப் பொறுப்பேற்க மாட்டார், தகவல் தருவார். ஆனால் அந்தத் தகவல் நம் வட்டத்துக்குள் வந்தே இருக்காது. சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் மாசசூசெட்ஸில் விசாரித்து 1973-ல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் சுமார் 17 சதவீதம் பேர்தான் அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்தவர்கள். மற்றவர்களுக்கு உதவியது எப்போதாவது பார்க்கிற அறிமுகம்தான். ஆனால் ஒன்று, கிரனோவெட்டர் விசாரித்தது படித்த உத்தியோகஸ்தர்களை. அவர்களுக்கு அப்படிப்பட்ட அறிமுகம் தானாக வந்து சேரும். மற்றவர்கள் பழைய சூப்பர்வைசர், பயிற்சி வகுப்பில் கூட இருந்தவர் என்று தேடித் தேடிச் சேர்க்க வேண்டும்.

என் கணக்கு: முதல் வேலைக்கு நம்ம ஆள், இரண்டாவது வேலைக்கு வெளியாள். அப்புறம், இரண்டிலும் சேராத ஒருவர் உண்டு. நம் இனத்திலேயே பிறந்து, வேறு துறைக்குப் போய்விட்டவர். "அவர் பெரிய ஆளாயிட்டார்" என்று ஒதுங்கி நிற்கிறோம். நான் தேடினால் முதல் போன் அவருக்குத்தான்.