வீட்டில் டிராஃப்ட் பீர் ஃப்ரிட்ஜ்: நான்கு ஆண்டுகள் வைத்திருந்து தெரிந்துகொண்டது

முதல் ஆறு மாதமும் நுரையோடு மல்லுக்கட்டியே போயிற்று. டேப்பைத் திறந்தால் கிளாஸில் முக்கால்வாசி நுரை, அடியில் கொஞ்சம் பீர். அழுத்தம் அதிகம் என்று நினைத்து, கேஸ் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைத் திருகிக் குறைப்பேன். அன்றைக்குச் சற்று அடங்கும். நாலைந்து நாளில் பீர் சப்பென்று ஆகிவிடும், நுரை மட்டும் குறையாது. இந்த ஃப்ரிட்ஜை வாங்குகிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: நுரை வந்தால் ரெகுலேட்டரில் கை வைக்காதீர்கள், தெர்மாமீட்டரை எடுங்கள்.

என்னிடம் இருப்பது ஃப்ரீசர் அறை இல்லாத சிறிய ஃப்ரிட்ஜ். உள்ளே, பீரை நிரப்பி வைக்கும் உலோகக் கலன்களான 19 லிட்டர் கெக் இரண்டு. ஒரு காலத்தில் குளிர்பானத்துக்காகச் செய்த கார்னீலியஸ் வகை. மேலே இரண்டு டேப் உள்ள டவர், அதாவது டேப்களைத் தாங்கும் குட்டித் தூண். பீரைத் தள்ளும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வெளியே, பின்பக்கம் நிமிர்த்திச் சங்கிலியால் கட்டியிருக்கிறது. நானே வீட்டில் தயாரிக்கும் பீர்தான் இதில் போகிறது.

டவருக்காக மேல்தகட்டில் துளை போட்ட அன்றுதான் மிகவும் பயந்தேன். தகட்டுக்கு அடியில் ஓடும் குழாயில் டிரில் பட்டால் குளிரூட்டும் கேஸ் போய்விடும், ஃப்ரிட்ஜும் போய்விடும். சோளமாவை ஸ்பிரிட்டில் குழைத்து மெல்லியதாகப் பூசி, ஃப்ரிட்ஜை ஓடவிட்டுப் பார்த்தேன். சூடான குழாய் போகும் தடம் முதலில் காய்ந்து வெளுக்கும். அந்தத் தடத்தை விட்டுத் தள்ளித் துளையிட்டேன். வெளித்தகடு வரைக்கும்தான் டிரில், உள்ளே இருக்கும் காப்பு நுரையைக் கத்தியால் மெதுவாகக் குடைந்து எடுத்தேன்.

இனி நுரைக்கு வருகிறேன். பீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு, குளிர்ந்தால் தங்கும், சூடானால் வெளியேறும். 3 டிகிரி செல்சியஸில் வழக்கமான அளவு கார்பனேற்றத்தை, அதாவது பீரில் கேஸ் கரைந்திருக்கும் அளவைக் காப்பாற்ற 11, 12 பி.எஸ்.ஐ (ரெகுலேட்டர் காட்டும் அழுத்த அளவு) போதும். அதே பீர் 10 டிகிரிக்குப் போனால் கிட்டத்தட்ட 18 வேண்டும். அந்தச் சூட்டில் அழுத்தத்தையும் குறைத்தால், குழாய்க்குள்ளேயே கேஸ் பிரிந்து குமிழ் குமிழாக நிற்கும். நான் ஆறு மாதம் செய்துகொண்டிருந்தது அதைத்தான்.

ஃப்ரிட்ஜின் திருகு காட்டும் எண்ணை நம்பிப் பயனில்லை. முதல் கிளாஸை விட்டுவிட்டு, இரண்டாவதில் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். எனக்கு 7 டிகிரி காட்டியது. தனியாக ஒரு வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி வாங்கி, அதன் சென்சாரைக் கெக்கின் பக்கவாட்டில் ஒட்டி, மேலே கொஞ்சம் ஸ்பாஞ்ச் வைத்து மூடினேன். காற்றில் தொங்கவிட்டால் கதவைத் திறக்கும்போதெல்லாம் கம்ப்ரெஸர் ஓடும். கெக்கில் ஒட்டினால் பீரின் சூட்டைப் பார்த்து ஓடும்.

அப்படியும் முதல் கிளாஸ் மட்டும் நுரைத்தது. டவர் ஃப்ரிட்ஜுக்கு வெளியே நிற்கிறது, அதற்குள் தேங்கும் பீர் அறையின் சூட்டுக்கு வந்துவிடுகிறது. கம்ப்யூட்டருக்குப் போடும் 12 வோல்ட் சின்ன ஃபேன் ஒன்றை உள்ளே வைத்து, ஒரு டியூப் வழியாகக் குளிர்ந்த காற்றை டவரின் உச்சிவரை ஏற்றினேன். இந்த நான்கு ஆண்டுகளில் செய்த மாற்றங்களில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன் தந்தது வேறெதுவும் இல்லை.

மீதி நுரை பீர்க்குழாயின் நீளத்தில் இருந்தது. கூடவே வந்தது ஒன்றரை மீட்டர்தான். 12 பி.எஸ்.ஐ அழுத்தத்தில் வரும் பீரை நிதானப்படுத்த அது போதாது. உள்விட்டம் கால் அங்குலத்துக்கும் குறைவான, ஐந்து மில்லிமீட்டரை ஒட்டிய குழாயாக மூன்று மீட்டர் வாங்கிச் சுருட்டி வைத்தேன். பாய்ச்சல் அடங்கிவிட்டது. இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

கேஸ் விஷயத்தில் ஒரு பெரிய இழப்பு உண்டு. புதிதாக நிரப்பிய 2.3 கிலோ சிலிண்டர் ஒரே இரவில் காலி. கெக் மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை. அன்றிலிருந்து புதுக் கெக்கை மாட்டியதும் முதலில் 30 பி.எஸ்.ஐ கொடுத்து மூடியை இறுக வைக்கிறேன், பிறகு எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்க்கிறேன். ஓ-ரிங் எனும் இந்த ரப்பர் வளையங்களுக்கு உணவுத்தரச் சிலிக்கான் கிரீஸ் ஒரு துளி. சிலிண்டரின் மீட்டர் எவ்வளவு மிச்சம் என்று சொல்லாது. உள்ளே திரவம் இருக்கும்வரை முள் அதே இடத்தில்தான் நிற்கும், அது இறங்கத் தொடங்கும்போது கேஸ் முடியப்போகிறது என்று அர்த்தம். எடை போட்டுப் பார்ப்பதே வழி, காலி எடை கழுத்தில் பொறித்திருக்கும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தாழ்வான மூடிய அறையில் கசிந்தால் மூச்சையே அடைத்துவிடும். காற்றோட்டம் இல்லாத இடத்தில் தயவுசெய்து வைக்காதீர்கள்.

சுத்தம் செய்யும் வேலையை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காரக் கரைசலை ஓடவிட்டு, குழாயிலேயே இருபது நிமிடம் ஊறவைத்து, நல்ல தண்ணீரால் அலசுகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அமிலக் கரைசல். பீர்க்கல் என்கிற கால்சியம் ஆக்சலேட் படிவு காரத்தில் எளிதில் போகாது. கண்ணுக்கும் கைக்கும் பாதுகாப்பு இல்லாமல் இரண்டையும் தொடமாட்டேன், ஒன்றோடொன்று கலக்கவும் விடமாட்டேன். இரண்டாம் ஆண்டில் வேலைப்பளுவால் இரண்டு மாதம் இதை விட்டுவிட்டேன். பீரில் வெண்ணெய் வாடை. குழாயில் குடியேறிய பாக்டீரியாவின் வேலை. கெக்கில் இருந்த பீர் நன்றாகவே இருந்தது, குழாயைக் கடந்து வந்தது மட்டும் கெட்டிருந்தது. மூன்று வாரம் கவனமாகத் தயாரித்த பீர் அப்படி ஆனது இன்னும் மனதில் உறுத்துகிறது. குழாயை வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போட்டேன். இப்போது ஆண்டுக்கு ஒருமுறை, கெட்டாலும் கெடாவிட்டாலும் மாற்றிவிடுகிறேன்.

டேப் இரண்டையும் கூட மாற்றினேன். பழையதில் பீரை அடைக்கும் வால்வு பின்னால் இருந்தது. ஊற்றி முடித்த பிறகு முனையில் பீர் காய்ந்து, இரண்டு நாள் தொடாவிட்டால் கைப்பிடி நகராது. முன்பக்கம் அடைக்கும் வகையில் அந்தத் தொல்லை இல்லை.

புதுக் கெக்கை 12 பி.எஸ்.ஐயில் வைத்துவிட்டுப் பத்து நாள் தொடாமல் இருந்தால் கார்பனேற்றம் சரியாக வருகிறது. அவசரத்துக்கு 30 வைத்துக் கெக்கை உலுக்கியதும் உண்டு. அப்படி உலுக்கிய இரண்டு தடவையும் அளவு மீறிப்போய், கேஸைத் திறந்துவிட்டுத் திறந்துவிட்டுச் சரிசெய்ய ஒரு வாரம் ஆனது. நேரம் மிச்சமாகவில்லை.

இப்போது கவனம் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் கேஸ்கெட்டில். கீழ் மூலையில் ஒரு காகிதத்தை வைத்துச் சாத்தி இழுத்தால் சுலபமாக வந்துவிடுகிறது, உள்ளே அந்தப் பக்கம் ஈரம் கோத்துக் கறுப்புப் புள்ளிகள் தெரிகின்றன. ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்று வைத்திருக்கிறேன். இந்தக் கெக் காலியானதும் கேஸ்கெட்டை மாற்றிவிட வேண்டும்.