வாட் பா நானாசாட்டில் தொண்டு: பல வருட அனுபவம்

பாங்காக்கில் வேலைக்கு வந்த பிறகு நீண்ட லீவு கிடைத்தால் நான் கிளம்புவது வடகிழக்குத் தாய்லாந்தின் உபோன் ராட்சதானிப் பக்கம்தான். அங்கே புங் வாய் ஊர்க்காரர்களின் பழைய சுடுகாட்டுக் காட்டில் இருக்கிறது வாட் பா நானாசாட். வெளிநாட்டுச் சீடர்களுக்காகவே அஜான் சா என்ற தாய்லாந்து பிக்கு 1975-ல் தொடங்கிய பௌத்த வன மடாலயம். பயிற்சியெல்லாம் ஆங்கிலத்தில்தான், அதனால் தாய்லாந்து மொழி தெரியாதே என்ற கவலை வேண்டாம்.

வெப்சைட் செய்து தருகிறேன், பாடம் எடுக்கிறேன் என்று திறமைகளை மூட்டை கட்டிக்கொண்டு போகாதீர்கள். அங்கே தேவை இரண்டு கைகள், அவ்வளவே. பிக்குகளின் விநயம், அதாவது துறவிகளுக்கான ஒழுக்க விதிகள், அப்படி: பணத்தைத் தொடக்கூடாது, மண்ணைத் தோண்டக்கூடாது, செடியை ஒடிக்கக்கூடாது, யாரும் கையில் கொடுக்காத உணவைச் சாப்பிடக்கூடாது. அதற்கெல்லாம் எட்டு சீலம் (எட்டு ஒழுக்க விரதங்கள்) எடுத்து வெள்ளை உடுத்திய நாம் வேண்டும்.

கொய்யாத் தட்டை நீட்டினால், முளைக்கிற விதை உள்ள பழம் என்பதால், பிக்கு "கப்பியம் கரோஹி" என்பார், பாலி மொழியில் 'ஏற்கத் தக்கதாக்கு' என்று அர்த்தம். ஒரு பழத்தைக் கத்தியால் கீறி "கப்பியம் பந்தே" ('தக்கதாயிற்று, சுவாமி') என்று நாம் சொல்ல வேண்டும். பழங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் ஒன்றைக் கீறினாலே மொத்தத் தட்டுக்கும் ஆயிற்று. பிறகு தட்டைத் தூக்கி அவர் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்ததைப் பழக்கதோஷத்தில் நகர்த்திவிட்டால் மறுபடியும் கொடுக்கணும். வீட்டில் மடி பார்க்கும் பாட்டியோடு வளர்ந்தவர்களுக்கு இது ஒரே நாளில் பிடிபடும். வெள்ளைக்காரர்கள்தான் பாவம், முழிப்பார்கள்.

காலை 3 மணிக்கு மணி அடிக்கும். விடிந்ததும் பிண்டபாதம், அதாவது பிக்குகள் பிச்சைப் பாத்திரத்தோடு ஊருக்குள் போவது: ஊர் அம்மாக்கள் மண்டியிட்டு ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு பிடி ஒட்டரிசிச் சோறு வைப்பார்கள். காலையில் ஒரே வேளைச் சாப்பாடு, சாயங்காலம் ஏதாவது குடிக்கக் கிடைக்கும். மீதி நேரம் இலை கூட்டுவது, கக்கூஸ் கழுவுவது, உட்கார்ந்து தியானம். மதியத்துக்கு மேல் சும்மா இருக்கத் தெரியாதவர்களுக்கு இது ஒத்துவராது.

நம்மவர்கள் முதலில் கேட்பது சைவம் கிடைக்குமா என்றுதான். ஊரார் போடுவதுதான் சாப்பாடு. மீனும் இறைச்சியும் இருக்கும், காய்கறியிலும் மீன் சாஸ் விழுந்திருக்கும். சுத்த சைவக்காரர் ஒட்டரிசியும் பழமும் வைத்தே ஒப்பேற்ற வேண்டியிருக்கும். நான் முட்டையோடு சமாதானமாகிவிட்டேன்.

மூன்று நாளுக்கு மேல் தங்கும் ஆண்கள் தலை, தாடியோடு புருவத்தையும் மழிக்க வேண்டும். தலைமுடி போனதை ஆபீஸில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், புருவம் போனால் மீட்டிங்கில் எல்லார் கண்ணும் உங்கள் மேல்தான்! பெண்களும் தங்கலாம். ஆனால் பிக்குவின் கையில் நேரே எதையும் தர முடியாது, அவர் விரிக்கும் துணிமேல் வைக்க வேண்டும். தாய்லாந்து முழுக்க இதுதான் வழக்கம் என்றாலும் என் மனைவிக்கு ஒப்பவில்லை. அவள் இப்போது வருவதில்லை, அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

தங்குவதற்குக் காசு வாங்குவதில்லை. இலவசம் என்பதற்காக மட்டும் வந்தவர்கள் சீக்கிரமே பையைக் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். போவதற்கு வெகுமுன்பே எழுதிக் கேளுங்கள். டிசம்பர், ஜனவரி முதல்முறைக்கு நல்லது, ராத்திரி குளிரும். நல்ல டார்ச் ஒன்று கட்டாயம், குடிலுக்குப் போகும் காட்டுப் பாதையில் பாம்பு உண்டு.