புதிய பிராசஸர் காதில் ஏறும்வரை பழையதைக் கொடுத்துவிடாதீர்கள்

காது கேட்பதற்காக ஆபரேஷன் செய்து உள்ளே காக்ளியர் இம்பிளான்ட் வைத்த பிள்ளைகளின் பெற்றோருக்காக எழுதுகிறேன். பிராசஸர், அதாவது வெளியே காதில் மாட்டும் கருவியை, அப்கிரேடு செய்யப் போகிறவர்கள் பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

என் மகளுக்கு 2016இல், மூன்று வயதில், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆபரேஷன் நடந்தது. ஆறு வயதுக்குள் முடித்தாக வேண்டும் என்பதால் ஓடி ஓடிச் செய்தோம். பிறகு வருடக்கணக்கில் ஏவிடி வகுப்பு (கேட்டுப் பேசப் பழக்கும் பயிற்சி), மேப்பிங் (பிள்ளைக்கு ஏற்றபடி சத்த அளவைக் கம்ப்யூட்டரில் கருவிக்குப் பதிவது; அந்தப் பதிவுதான் மேப்) என்று பஸ் ஏறி இறங்கினோம். இப்போது ஆறாம் வகுப்பு. ஊர்ப் பள்ளியில் மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்துதான் படிக்கிறாள்.

எட்டு வருடத்தில் பிராசஸர் தேய்ந்துவிட்டது உண்மைதான். காயில், அதாவது காந்தத்தால் தலையில் ஒட்டும் வட்டத் துண்டு, அதன் கேபிளை மூன்று முறை மாற்றியாயிற்று. வியர்வை இறங்கி அடிக்கடி சத்தம் விட்டு விட்டு வரும். ராத்திரி ஈரம் உறிஞ்சும் டிரை பாக்ஸில் போட்டு எடுத்தால் மறுநாள் பேசும். அந்த நேரம் பார்த்து, 2024 டிசம்பரில் ஒரு போன். இந்தக் கருவிகளை விற்கும் ஒரு சென்டரிலிருந்து பேசினார்கள். "மேடம், உங்க பாப்பா போட்டிருக்கிற மாடலை நிறுத்திட்டாங்க. மார்ச்சுக்குள்ள மாத்தலேன்னா உள்ளே வச்சிருக்கிறதும் வேலை செய்யாது."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் நான் விழுந்தேன். அது சுத்தப் பொய். பழைய மாடலுக்கு உதிரிபாகம் தருவதைக் கம்பெனிகள் ஒரு கட்டத்தில் நிறுத்துவது நிஜம். ஆனால் வெளியே மாட்டும் மாடலை நிறுத்தியதால் உள்ளே வைத்தது கெட்டுப் போகாது. உள்ளே பேட்டரியே கிடையாது. சத்தமும் மின்சாரமும் தோலுக்கு மேலே ஒட்டியிருக்கும் காயில் வழியாகத்தான் போகின்றன. உள்ளிருப்பது பல பத்து ஆண்டுகள் உழைக்கவென்று செய்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும். எத்தனையோ முறை ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) சொல்லியிருக்கிறார். ஆனாலும் பிள்ளைக்குக் கேட்காமல் போய்விடும் என்று ஒருவர் சொன்னதும் தெரிந்ததெல்லாம் மறந்துவிட்டது.

விலை மூன்று லட்சத்து எண்பத்தைந்தாயிரம் என்றார்கள். பழையதைக் கொடுத்தால் அறுபதாயிரம் கழிவு. செயினையும் வளையலையும் அடகு வைத்து ஜனவரி முதல் வாரத்தில் முழுப் பணத்தையும் கட்டினோம். கையில் தந்தது ஒரு துண்டுச் சீட்டு. ஜிஎஸ்டி எண் இல்லை, கருவியின் வரிசை எண் இல்லை, மாடல் பெயர் மட்டும் பேனாவில் எழுதியிருந்தது. "பத்து நாள்ல வந்துடும் மேடம், எக்ஸ்சேஞ்ச் பதியணும், பழசை இன்னைக்கே கொடுங்க" என்றார்கள். பாப்பா காதிலிருந்து நானே கழற்றிக் கொடுத்தேன்.

பத்து நாள் நாற்பத்தேழு நாள் ஆனது.

காது கேட்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு அந்த நாற்பத்தேழு நாளை விளக்குவது கடினம். பிராசஸர் இல்லையென்றால் என் மகளுக்கு ஒன்றுமே கேட்காது; குறைவாகக் கேட்பது என்ற பேச்சே இல்லை. டிக்டேஷனில் வெற்றுத்தாள் கொடுத்துவிட்டு வந்தாள். மூன்றாவது வாரத்திலிருந்து பேச்சின் ஓசை ஏறி இறங்க ஆரம்பித்தது. தன் குரலே அவளுக்குக் கேட்கவில்லையே. தற்காலிகமாக ஒன்று தாருங்கள் என்று கேட்டேன். ஒரு நாளைக்கு ஐந்நூறு ரூபாய் வாடகை என்றார்கள்.

பிப்ரவரி கடைசியில் பெட்டி வந்தது. சீல் உடைந்திருந்தது. "செக் பண்ணத்தான் பிரிச்சோம்" என்றார் விற்பனைக்காரர். ஆடியாலஜிஸ்ட் எங்கே என்றால் லீவாம். விற்பனைக்காரரே லேப்டாப்பை இணைத்துப் பதினைந்து நிமிடத்தில் மேப்பிங் முடித்துவிட்டார். வெளியே வந்து பஸ் ஹாரன் அடித்ததும் பாப்பா காயிலைப் பிய்த்து எறிந்துவிட்டு அழுதாள். காந்தமும் தப்பு, அவளுக்குத் தேவையானதைவிட வலுவானது. இரண்டே நாளில் காயில் ஒட்டும் இடம் சிவந்து புண்ணாகப் பார்த்தது.

வீட்டுக்கு வந்து அவள் பின்னால் நின்று, வாயை மறைத்துக்கொண்டு, பேச்சு கேட்கிறதா என்று சோதிக்கும் ஆறு லிங் ஓசைகளைச் சொன்னேன். ஆ, ஈ, ஊ, ம் நான்குக்கும் கை தூக்கினாள். ஷ் சொன்னேன், அசையவில்லை. ஸ் சொன்னேன், அதற்கும் இல்லை. பழைய கருவியில் ஆறும் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை.

மறுநாளே ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்குப் போனோம். அங்கிருந்த ஆடியாலஜிஸ்ட் அம்மா கருவியைத் திருப்பி வரிசை எண்ணைப் பார்த்தார், கம்பெனிக்குப் போன் போட்டார். அந்த எண்ணுக்கு வாரன்டி 2023 நவம்பரிலேயே வேறொரு மாநிலத்தில், வேறொருவர் பெயரில் ஆரம்பித்துவிட்டது. புதுசு என்று பணம் கொடுத்து, ஏற்கெனவே ஒருவர் போட்டுக் கழற்றியதை வாங்கியிருக்கிறேன். நல்லவேளை, பாப்பாவின் பழைய மேப் மருத்துவமனைக் கம்ப்யூட்டரில் இருந்தது. அதை அடிப்படையாக வைத்து மூன்று அமர்வில் சரிசெய்து, காந்தத்தையும் மாற்றிக் கொடுத்தார். இப்போது ஸ் கேட்கிறது.

அப்கிரேடு செய்யவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தேவைப்படும், செய்யத்தான் வேண்டும். ஆனால் முதல் போனை உங்கள் ஆடியாலஜிஸ்டுக்குப் போடுங்கள். உள்ளே இருக்கும் இம்பிளான்ட் எந்தக் கம்பெனியோ அதே கம்பெனியின் பிராசஸர்தான் வேலை செய்யும். அதிலும் எந்த மாடல் பொருந்தும் என்பதை ஆபரேஷன் சமயத்தில் தந்த இம்பிளான்ட் கார்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். வரிசை எண்ணை வாங்கி, பணம் கட்டுமுன் கம்பெனியிடம் நேரடியாகக் கேளுங்கள். பில்லில் அந்த எண் இருக்க வேண்டும். மேப்பை ஒரு பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள். பழைய கருவியைப் புதியதில் மேப்பிங் முடிந்து, பிள்ளை நாலு நாள் பள்ளிக்குப் போய்வந்து, ஆறு ஓசையும் கேட்கிறது என்று நீங்களே பார்த்த பிறகு கொடுங்கள். கழிவு போனால் போகட்டும். என்னைக் கேட்டால் கொடுக்கவே கூடாது, மாற்றுக்கு வீட்டில் இருக்க வேண்டும்.

நான் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் சொன்னேன், பலனில்லை. பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டேன். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அந்தத் துண்டுச் சீட்டையும் வாட்ஸ்அப் பேச்சையும் வங்கி ரசீதையும் இணைத்திருக்கிறேன். வழக்கு நடக்கிறது; பணம் இன்னும் வரவில்லை.

பழைய பிராசஸரைக் கேட்டால் "கம்பெனிக்கு அனுப்பிட்டோம்" என்கிறார்கள். கம்பெனியில் அப்படி ஒரு பதிவே இல்லை. எனக்கு வந்தது எங்கிருந்து வந்ததோ, எங்களுடையதும் அப்படியே யாருக்கோ போயிருக்கும் என்று பயமாக இருக்கிறது. பழுப்பு நிறம், பேட்டரி மூடியின் ஓரத்தில் சின்ன விரிசல், உள்பக்கம் பாப்பா ஒட்டிய மஞ்சள் பட்டாம்பூச்சி ஸ்டிக்கரின் பாதி. அப்படி ஒன்றை யாராவது வாங்கியிருந்தால், தயவுசெய்து உங்கள் பிள்ளைக்கு அப்படியே மாட்டிவிடாதீர்கள். அதில் இருப்பது என் மகளின் மேப். எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்.