வெப்ஓடிஎம்: உயரப் பிழைகளைத் திருத்துவதில் எவ்வளவு நம்பலாம்?

ட்ரோன் படங்களை ஒருங்கிணைத்து வரைபடமாகவும் முப்பரிமாண மாதிரியாகவும் மாற்றித் தரும் மென்பொருள்களுள், திறந்த மூலநிரல் கொண்ட ஓப்பன்ட்ரோன்மேப்பும் அதன் உலாவி முகப்பான வெப்ஓடிஎம்மும் பரவலாகப் பயன்படுகின்றன. படம் எவ்வளவு அழகாக வருகிறது என்பது இங்கே பேச்சில்லை. நிலத்தின் உயரத்தை அது எவ்வளவு சரியாகத் தருகிறது, தவறினால் திருத்திக்கொள்ள என்ன வழி வைத்திருக்கிறது என்பதை மட்டுமே பார்க்கிறேன். திருத்தத்திற்கு வேண்டிய கருவிகளில் பெரும்பாலானவை இதில் உள்ளன. ஆனால் எதை எப்போது கையில் எடுக்க வேண்டும் என்பதைப் பயனரே அறிந்திருக்க வேண்டும்.

தட்டையான நிலத்தின் மேல், கேமராவை நேர் கீழ்நோக்கி வைத்து, இணைகோடுகளாக மட்டும் பறந்து எடுத்த படங்களில்தான் மிகப் பெரிய தொல்லை வருகிறது. லென்ஸின் உருத்திரிபை (படத்தை அது சற்று வளைத்துக் காட்டும் அளவை)ச் சற்றுத் தவறாகக் கணித்துவிட்டு, அதற்கு ஈடாக நிலத்தையே வளைத்துவிட்டாலும் படங்களுக்கிடையிலான பொருத்தம் ஏறக்குறைய கெடுவதில்லை என்பதால், கணக்கீடு அந்தத் தவறான விடையிலேயே அமைதியாக நின்றுவிடுகிறது. சமதளம் கவிழ்த்த தட்டைப் போல நடுவில் எழும்பியோ, நிமிர்த்திய தட்டைப் போலக் குழிந்தோ வரும். சாய்வுக் கோணப் படங்களையும் சேர்த்தால் இப்பிழை வெகுவாகக் குறையும் என்று ஜேம்ஸ், ராப்சன் ஆகிய ஆய்வாளர்கள் 2014இல் காட்டினர். வெப்ஓடிஎம்மில் இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. குவியத் தொலைவு, உருத்திரிபு போன்ற கேமரா அளவுருக்களைக் கணக்கீட்டின்போது மாற்றாமல் நிலைநிறுத்துவது ஒன்று. நன்கு அமைந்த வேறொரு பறப்பிலிருந்து பெற்ற அளவுருக்களைக் கோப்பாகக் கொடுப்பது மற்றொன்று. இவற்றுள் இரண்டாவதையே நான் பரிந்துரைப்பேன். வெறுமனே நிலைநிறுத்தினால், தொடக்க மதிப்பு தவறாக இருக்கும்போது அந்தத் தவறும் சேர்ந்தே நிலைத்துவிடும். ஆனாலும் குறுக்குக் கோடுகளாக இன்னொரு முறை பறந்து, கேமராவைச் சில பாகை சாய்த்து எடுத்த படங்களுக்கு எந்த அமைப்பும் ஈடாகாது.

அடுத்தது தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள், அதாவது நிலத்தில் குறியிட்டு இடத்தையும் உயரத்தையும் தனியே துல்லியமாக அளந்து வைத்த புள்ளிகள். இவற்றைக் கொடுக்க, ஆயத்தொலைவு முறையை முதல் வரியில் குறித்து, ஒவ்வொரு புள்ளியின் நில ஆயங்களையும், அது படத்தில் விழும் பிக்சல் இடத்தையும், படத்தின் பெயரையும் அடுத்தடுத்த வரிகளில் எழுதிய எளிய உரைக்கோப்பு போதும். குறைந்தது 5 புள்ளிகள், ஒவ்வொன்றும் குறைந்தது 3 படங்களில் என்பது மென்பொருளின் பயன்பாட்டு ஆவணம் தரும் அறிவுரை. புள்ளிகளை எல்லையோரங்களில் மட்டும் வைத்துவிட்டு நடுப்பகுதியை விட்டுவிட்டால், மேலே சொன்ன வளைவு கண்ணில் படாமலேயே தங்கிவிடும். படத்துக்குப் படம் புள்ளியைக் கையால் குறிப்பது சலிப்பூட்டும் வேலை. வணிக மென்பொருள்கள் இதில் தெளிவாக முந்தி நிற்கின்றன.

முடிவில் கிடைக்கும் அறிக்கை, கட்டுப்பாட்டுப் புள்ளிகளில் எஞ்சிய பிழையை அழகாக அச்சிட்டுத் தருகிறது. அந்த எண்ணைத் துல்லியத்தின் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மாதிரியைப் பொருத்துவதற்கே பயன்பட்ட புள்ளிகள் பொருந்துவதில் வியப்பில்லை. சில புள்ளிகளைக் கோப்பில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்து, கியூஜிஐஎஸ் போன்ற மென்பொருளில் அவ்விடங்களின் உயரத்தை மாதிரியிலிருந்து படித்து ஒப்பிடுவதே நேர்மையான சோதனை. வேறுபாடுகள் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருந்தால் அது நேர்விலகல். ஒரு திசையில் கூடிக்கொண்டே போனால் சாய்வு. நடுவிலும் ஓரத்திலும் எதிரெதிர்க் குறியுடன் இருந்தால் வளைவு.

நேர்விலகல் பத்து மீட்டர் கணக்கில் இருந்தால், பெரும்பாலும் குற்றம் மென்பொருளுடையதன்று. ஜிபிஎஸ் இயல்பாகத் தருவது, பூமிக்கு ஈடாகக் கணிதத்தில் கொள்ளப்படும் சீரான உருண்டை வடிவமான எலிப்சாய்டிலிருந்து அளந்த உயரம். நில அளவையில் புழங்குவது கடல்மட்டத்தை ஒட்டிய ஜியாய்டிலிருந்து அளந்த உயரம். இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளி உலகில் இடத்துக்கு இடம் மாறி, சில பகுதிகளில் 100 மீட்டரையும் தாண்டுகிறது. இந்த மாற்றத்தை வெப்ஓடிஎம் தானாகச் செய்துவிடும் என்று எதிர்பார்க்காமல், கட்டுப்பாட்டுப் புள்ளிகளை முன்னதாகவே உரிய உயர முறைக்கு மாற்றிக் கொடுப்பது நல்லது. ஆர்டிகே வசதியுள்ள (தரை நிலையத்தின் திருத்தத்தைப் பெற்றுத் தன் இடத்தை மிகத் துல்லியமாக அறியும்) ட்ரோனாக இருந்தாலும் தரையில் ஒரு புள்ளியாவது வேண்டும். குவியத் தொலைவும் பறக்கும் உயரமும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்வதால், அந்தப் புள்ளி இல்லாமல் மாதிரி முழுவதுமே மேலேறியோ கீழிறங்கியோ நிற்கக்கூடும்.

எனக்கு நிறைவளிக்காத பகுதி, செடிகொடிகளையும் கட்டடங்களையும் நீக்கி வெறும் தரையைக் காட்டும் மாதிரி. எஸ்எம்ஆர்எஃப் என்னும் வடிகட்டியின் சாளர அளவு (ஒரு நேரத்தில் அது பார்க்கும் பரப்பின் அளவு), சரிவு, உயர வரம்பு ஆகியவற்றை மாற்றிக்கொள்ளலாம். சாளரத்தைக் கட்டடத்தின் அகலத்தைவிடப் பெரிதாக வைத்தால் கூரைகள் நீங்கும். ஆனால் கூடவே சிறு மேடுகளும் கரைகளும் வழிக்கப்பட்டுவிடுகின்றன. அடர்ந்த புல்லுக்கும் புதருக்கும் அடியிலுள்ள தரை படத்திலேயே பதிவாகாததால், அங்கே எந்த வடிகட்டியும் ஊகிக்கத்தான் முடியும். அத்தகைய இடங்களில், லேசர் கதிர்களால் அளந்த லைடார் தரவைத் தேடுவதே மேல். அந்தத் தரவு கிடைத்துவிட்டால், அதையே ஒப்பீட்டு அடிப்படையாகக் கொடுத்து முழு மாதிரியையும் அதனுடன் பொருத்தச் செய்யும் வசதி அண்மைப் பதிப்புகளில் இருக்கிறது. அந்த லைடார் தரவுக்குப் பின் நிலம் வெட்டப்பட்டோ நிரப்பப்பட்டோ இருந்தால் மட்டும், மாறாத சாலை, பாறைப் பரப்புகளில் பொருத்தத்தைத் தனியே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.